என் முத்திரை விழுந்த வாக்கியம்

3 மார்ச், திங்கள்

வெயில். மழையைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. மாடி அறையில் காற்றாடி ஓடியும் தாளெல்லாம் சூடு.

வேலை: இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இரண்டு, மணவிலக்குத் தீர்ப்பு ஒன்று (பதினான்கு பக்கம்). எல்லாம் தமிழிலிருந்து மலாய்க்கு. முத்திரைக்கு மை வாங்க வேண்டும்.

மதியம் மாலதி மேலே வந்தாள். கீழே ஜவுளிக் கடையில் சேலைப் பகுதியில் நிற்பவள். நான்கு வருடப் பழக்கம். புருஷன் வெளியூரில் வேலை என்றுதான் இத்தனை மாதமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு தாள் படிச்சுச் சொல்லணும். வக்கீல் சொல்லத்தான் செய்றாங்க. ஆனா அங்க போய் ஒக்காந்தா எனக்கு மண்டையில எதுவும் ஏற மாட்டேங்குது லா."

குற்றப்பத்திரிகை. புருஷன் வெளியூரில் இல்லை, சிறையில். ஜூலையிலிருந்து. பெயர் குணசேகரன், கோயில் விழாக்களுக்கு மைக்செட் வாடகைக்கு விடுபவர். பாதுகாப்புச் சட்டத்தில் கைது. இருபத்தெட்டு நாள் விசாரணை, பிறகு வழக்கு. அந்தச் சட்டத்தில் பெயில் கிடையாது.

"அவுட்ஸ்டேஷன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்கக்கா. அதான்."

இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, எங்கள் தொகுதிப் பிரதிநிதி ஒய்.பி.யைக் கொல்லச் சதி. இரண்டு, தடை செய்யப்பட்ட இயக்கத்தின் படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்தது.

மூன்றாவது தாளைப் புரட்டினேன். மொழிபெயர்ப்பு. அடியில் என் முத்திரை. என் கையெழுத்து.

தலைவலி, நாளை வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்கு மலாய் அதிகம் வராது. முத்திரையில் இருப்பதும் என் முழுப்பெயர். அவளுக்கு நான் இந்திரா அக்கா மட்டும். கவனித்திருக்க மாட்டாள்.

மை வாங்க மறந்துபோனேன்.


4 மார்ச், செவ்வாய்

அதே வெயில்.

கணினியில் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். போன ஜூலை. வெளிநாட்டில் அந்தக் குண்டுவெடிப்பு நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தொலைக்காட்சியில் காலை முதல் அதே படம். அமைச்சர் ஒருவர் மாற்றி ஒருவர், இங்கே இடம் கொடுக்க மாட்டோம் என்று. நாடு முழுக்கக் கைது, பெரும்பாலும் தமிழர்கள். அப்போதுதான் ஒரு போலீஸ் அதிகாரி, பதிவு செய்த தொலைபேசிப் பேச்சு ஒன்றை எழுதிய தாளை ஆள்மூலம் அனுப்பினார். ஒலி இல்லை, எழுத்து மட்டும். பெயர் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

தாளில் இருந்தது, அப்படியே:

"அண்ணே, ஒய்.பி.ய ஞாயித்துக்கெழமையே போட்டுருவோம். லேட் பண்ணா ஆளு கெடைக்க மாட்டாரு. நீங்க சரின்னா இன்னிக்கே வேலய முடிச்சிர்றேன். (பின்னால் பெண் குரல், தெளிவில்லை)"

நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடம் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தவள் நான். 'போட்டுருவோம்' என்றால் இரண்டும்தான். பட்டியலில் போடுவதும் போடுவதுதான், ஆளைத் தீர்த்துக்கட்டுவதும் போடுவதுதான். முதல் வரைவில் 'மாசுக்கான்' என்று எழுதியிருக்கிறேன், சேர்ப்போம் என்று. அடிக்குறிப்பில் மற்றப் பொருளும். கோப்பில் இன்னும் இருக்கிறது.

அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். அவர் பேசியது மலாய், 'அம்மா' என்பதற்குப் 'புவான்'. "அடிக்குறிப்பெல்லாம் வேண்டாம், புவான். படிக்கிறவர்கள் குழம்புவார்கள். எது சரியென்று படுகிறதோ அந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள்."

எது என்று அவர் சொல்லவில்லை. மிரட்டவில்லை. நன்றிகூடச் சொன்னார்.

'ஹபிஸ்கான்' என்று மாற்றினேன். முடித்துவிடுவோம் என்ற பொருளில். முத்திரை குத்திக் கொடுத்தேன்.

மணவிலக்குத் தீர்ப்பு இரண்டு பக்கம்தான் நகர்ந்தது.


5 மார்ச், புதன்

மாலதி வந்தாள். சாப்பாட்டு நேரம் அரை மணிதான் அவளுக்கு.

வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அந்த வரி வந்தது. குரல் மாறாமல் சொல்லப் பார்த்தேன். "ஞாயித்துக்கெழமையே ஒய்.பி.ய முடிச்சிருவோம்னு உன் வீட்டுக்காரர் பேசுனதா எழுதியிருக்கு."

"முடிச்சிருவோமா? அவரு அப்படிப் பேசலக்கா. போட்டுருவோம்னு சொன்னாரு. நோட்டீஸ்ல. நான் பக்கத்துலதான் நின்னேன்."

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டுநாடா போட்டது. ஆடித் திருவிழா அழைப்பிதழ். ஏழு நாள், ஏழு கட்டம். ஞாயிறு: பரிசளிப்பு, சிறப்பு வருகை ஒய்.பி. அவர் படம், மாலையோடு, சிரித்தபடி.

"சனிக்கெழமையா ஞாயித்துக்கெழமையான்னு கோயில் தலைவர்கிட்ட போன்ல கேட்டுக்கிட்டு இருந்தாரு. அன்னிக்கி அச்சுக்குக் குடுக்கணும்."

அந்தத் தலைவரையும் பிடித்தார்கள். இருபத்தெட்டாம் நாள் விட்டார்கள். இப்போது மகள் வீட்டில், ஈப்போவில். மாலதி அழைத்தால் எடுப்பதில்லை.

முத்திரை யாருடையது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, அழைப்பிதழை என்னிடமே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.


6 மார்ச், வியாழன்

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்திரா, நீ போலியா எதையும் எழுதல. ரெண்டு அர்த்தம் இருந்துச்சு, ஒண்ண எழுதுன. அவ்வளவுதான்."

"பயந்து எழுதுனேன்."

"எல்லாரும்தான் பயந்தோம். இப்பப் போயி சொன்னா ஒன்னயும் உள்ள இழுப்பாங்க. மக கவர்மெண்ட் வேலயில இருக்கா. அதையும் யோசி."

பிறகு அவரே, மெதுவாக: "ஒன் போன்ல அந்தப் போட்டோ இருக்கா இன்னும்?"

இருந்தது. யாழ்ப்பாணத்துச் சித்தப்பா மகன், சீருடையில். இயக்கத்துக்குப் போய்த் திரும்பாதவன். நான் நேரில் பார்த்ததே இல்லை. சித்தி அனுப்பி வைத்த படம். குணசேகரன் கைப்பேசியில் இருந்ததும் இந்த மாதிரிப் படங்கள்தானே.

அழித்தேன். அழித்தவற்றின் பெட்டியிலிருந்தும் அழித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் முகத்தில் மச்சம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று இப்போதே சந்தேகம்.


8 மார்ச், சனி

ஒய்.பி.யின் சேவை மையம். காலை ஒன்பதுக்குப் போய்ப் பதினொன்றே முக்காலுக்கு உள்ளே விட்டார்கள். முன்னால் வரிசையில் வடிகால் புகார், உதவித்தொகை மனு, யாரோ ஒருவர் பூனையோடு.

ஒய்.பி. எதிர்க்கட்சியில் இருந்தபோது இந்தச் சட்டத்தை ஒழிப்போம் என்று மேடை மேடையாகப் பேசியவர். நானே கை தட்டியிருக்கிறேன். கைது நடந்த மறுநாள் செய்தியாளர்களைக் கூட்டி, தன் உயிரைக் காத்த போலீசுக்கு நன்றி சொன்னார்.

அழைப்பிதழை மேசைமேல் வைத்தேன்.

"உங்களக் கூப்பிட்டது ஞாபகம் இருக்கா, ஒய்.பி.?"

வெகுநேரம் பார்த்தார். "இருக்குக்கா. குணா நேர்ல வந்து கூப்பிட்டான். நல்ல பையன்."

"அத எழுதிக் குடுங்களேன். ஒரு பக்கம் போதும்."

"அக்கா, அன்னிக்கி நெலம உங்களுக்குத் தெரியாது. அங்க குண்டு வெடிச்சு சனம் செத்துக் கெடக்கு. இங்க தமிழனப் புடிக்கிறாங்க. நான் குறுக்க நின்னா இவனும் அவங்க ஆளுதான்னு எழுதுவானுங்க. இப்ப கேஸ் கோர்ட்ல இருக்கு. நான் வாயத் தொறக்க முடியாது லா."

"சட்டத்த மாத்துவோம்னு சொன்னீங்க."

"சொன்னேன். சொல்றது ஈஸிக்கா."

எழுந்து கதவு வரை வந்து வழியனுப்பினார். அழைப்பிதழை என் கையில் திருப்பிக் கொடுக்கும்போது தன் படத்தை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பசாரில் கீரை, புளி, இரண்டு தேங்காய்.


10 மார்ச், திங்கள்

மாலதியின் வக்கீல் ஆயிஷா. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்புறம், நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேலே சின்ன அலுவலகம். நோன்பு மாதம், கீழே கடை பாதி மூடியிருந்தது. முப்பது வயதுதான் இருக்கும். உதடு உலர்ந்திருந்தது, ஆனாலும் விடாமல் பேசினாள்.

மாலதிக்குத் தெரியாமல் வந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வரைவை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன்.

தாளை வாங்கிப் படித்தாள். "ஆன்ட்டி, எட்டு மாசமா இத எழுதுனவங்க மேல நான் கோவத்துல இருக்கேன்."

"தெரியும்மா."

"தெரியாது உங்களுக்கு." பிறகு, "சாரி, ஆன்ட்டி."

அவள் சொன்னவை:

கைதானதும் நாற்பத்தெட்டு மணி நேரம் குணாவைப் பார்க்க அவளை விடவில்லை. சட்டத்தில் அதற்கு இடமுண்டு. முதல்முறை பார்த்தபோது அவருக்கு அன்று என்ன கிழமை என்று தெரியவில்லை.

ஒலிப்பதிவு இதுவரை அவள் கைக்கு வரவில்லை. எழுத்து மட்டும்.

17ஆம் தேதி என்னை அரசுத் தரப்பே சாட்சியாக அழைக்கும், மொழிபெயர்ப்பை உறுதி செய்ய. அங்கே உண்மையைச் சொல்லலாம். சொன்னால் என் அங்கீகாரம் போகலாம், என் மேலேயே விசாரணை வரலாம்.

"சொன்னா அவர் வெளிய வந்துருவாரா?"

"உடனே இல்ல, ஆன்ட்டி. கேஸ் முடியிற வரைக்கும் பெயில் இல்ல. ஜட்ஜ் விடுதலைன்னு தீர்ப்பு சொன்னாக்கூட, அவங்க அப்பீல் பண்றோம்னா அதுவரைக்கும் உள்ளயே வச்சிருக்க இந்தச் சட்டத்துல வழி இருக்கு."

"அப்ப நான் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"ஒரு பொய் கொறையும்."

பேருந்தில் ஆயர் ஈத்தாம் வரை நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.


12 மார்ச், புதன்

மேகம். மழை இல்லை.

அதிகாரி அழைத்தார். எட்டு மாதம் கழித்து அதே மரியாதை. "17ஆம் தேதி வருவீர்கள்தானே, புவான்? எழுதியது உங்களுடையதுதான் என்று சொன்னால் போதும். ஐந்து நிமிட வேலை."

"ஐயா, ஒலிப்பதிவை ஒருமுறை நான் கேட்கலாமா?"

சிரித்தார். "இப்போது எதற்கு?"

வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அம்மா பெயரைத் தட்டச்சு செய்திருந்தேன். திருத்தினேன். ஒரு நாளைக்கு எத்தனை பிழை இப்படித் திருத்துகிறேன்.

வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. சட்டையை மட்டும் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார், என்னுடைய கோர்ட் சட்டையை.


14 மார்ச், வெள்ளி

மாலதியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு. கடை மூடும் நேரத்தில் கீழே இறங்கினேன். சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாலதி, அந்தத் தாள்ல இருக்குற முத்திர, அந்தச் சாப்பு..."

"உங்களோடதுதான். தெரியும்கா."

மடிப்பதை நிறுத்தவில்லை.

"வக்கீல்கிட்டருந்து தாள் வந்த அன்னிக்கே சாப்பப் பார்த்தேன். உங்க கதவுல அதே பேருதானே மாட்டியிருக்கு? தெனம் பார்த்துக்கிட்டுதானே ஏறி எறங்குறேன். அதான் மேல வந்தேன். படிக்கத் தெரியாம வரல."

"ஏன் அப்பவே கேக்கல?"

"கேட்டா நீங்க கதவ சாத்திருவீங்க. உங்க வாயாலயே அந்த வரிய எனக்குச் சொல்லணும்னு நெனச்சேன். சொன்னீங்க. உங்க மொகம் செத்துப்போச்சு. அப்பதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துச்சு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கடைசிச் சேலையை என் கையில் கொடுத்து ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். மடித்தோம்.


17 மார்ச், திங்கள்

காலை எட்டரைக்கே கோர்ட். இருபத்தாறு வருடம் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் இருந்தவள், இன்று சாட்சிக் கூண்டில். தெரிந்த முகங்கள் தலையாட்டின. சில, பார்க்காதது மாதிரி.

குணசேகரனை முதல்முறையாகப் பார்த்தேன். மெலிந்தவர். சட்டை தோளில் தொங்கியது. மாலதியை ஒரு நொடி பார்த்தார், பிறகு தரையை.

அரசு வழக்கறிஞர்: இது உங்கள் முத்திரையா? ஆம். உங்கள் மொழிபெயர்ப்பா? ஆம். உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆயிஷா எழுந்தாள். ஒலியைக் கேட்டீர்களா? இல்லை. கேட்டிருந்தால் வித்தியாசம் இருக்குமா? தெரியாது, கேட்டால்தான் சொல்ல முடியும். ஒலியைப் போடவேண்டும் என்றாள். அரசுத் தரப்பு மறுத்தது. அரை மணி வாதம். நீதிபதி போடச் சொன்னார்.

சின்ன ஒலிபெருக்கி. எட்டு மாதமாக எழுத்தாக மட்டும் இருந்த வரி, குரலாக வந்தது. உற்சாகமான குரல். பின்னால் அம்மன் பாட்டு, யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். "இன்னிக்கே வேலய முடிச்சிர்றேன்." முடிந்ததும் பெண் குரல். தெளிவில்லை என்று தாளில் எழுதியிருந்த குரல். எனக்குத் தெளிவாகத்தான் கேட்டது. தினமும் படியில் கேட்கும் குரல்.

"புவான், அந்தப் பெண் என்ன சொல்கிறார்?"

"அவர் படத்தக் கலர்லயா போடுறீங்க, இல்ல கறுப்பு வெள்ளையா, என்று கேட்கிறார்."

மலாயில் சொன்னேன். மறுபடி போட்டார்கள். மறுபடி சொன்னேன்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். அப்படியானால் அன்று ஏன் 'ஹபிஸ்கான்' என்று எழுதிச் சத்தியம் செய்தீர்கள்? அன்று பொய்யா, இன்று பொய்யா?

"அன்று எழுதியது தவறு. இரண்டு பொருள் உண்டென்று முதலில் குறித்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன்."

யாராவது எடுக்கச் சொன்னார்களா?

அதிகாரி இரண்டாம் வரிசையில் இருந்தார்.

"அடிக்குறிப்பு வேண்டாம் என்றார்கள். இந்தச் சொல்தான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்தது நான். அந்த வாரம் எனக்குப் பயமாக இருந்தது."

வெளியே வந்தபோது வீட்டுக்காரர் படியில் நின்றிருந்தார். வேலைக்குப் போகவில்லை. குடையை நீட்டினார். மழையில்லை, வெயிலுக்கு.


20 மார்ச், வியாழன்

ஆயிஷா அழைத்தாள். முதல் குற்றச்சாட்டை அரசுத் தரப்பு மீட்டுக்கொண்டது. ஒரு நொடி கத்திவிட்டேன்.

"இருங்க ஆன்ட்டி. ரெண்டாவது இருக்கு. படங்கள்."

அதை எதிர்த்து வழக்காடினால் அடுத்த தேதி அக்டோபரில். அதுவரை உள்ளே. ஒப்புக்கொண்டால் தண்டனை கைதான நாளிலிருந்து கணக்கு, நன்னடத்தைக் கழிவு போகச் சில நாளில் வீடு. ஆனால் பயங்கரவாதச் சட்டத்தில் குற்றவாளி என்று பெயர் நிற்கும்.

குணா ஒப்புக்கொள்கிறாராம். யோசிக்கவே இல்லையாம்.

எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அங்கீகாரத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது, பதினான்கு நாளில் விளக்கம் தரவும். அதுவரை முத்திரை பயன்படுத்தக் கூடாது. புதிதாக வாங்கிய மை திறக்காமலே இருக்கிறது.


26 மார்ச், புதன்

ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு மாதம், கைதான நாளிலிருந்து. பார்வையாளர் வரிசையில் இருந்தேன். மொழிபெயர்த்தது ஓர் இளைஞர், நல்ல தமிழ். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" "ஒப்புக்கிறேன்." கேள்வி முடிவதற்குள் பதில்.

மாலதி என் கையைப் பிடித்திருந்தாள். "செய்யாதத செஞ்சேன்னு சொன்னாத்தான் விடுவாங்களாக்கா?"

ஒய்.பி. மாலையில் அறிக்கை விட்டார். நீதித்துறையில் தனக்கு என்றும் நம்பிக்கை உண்டாம்.


8 ஏப்ரல், செவ்வாய்

காலையில் நல்ல மழை. கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டேன். விளக்கக் கடிதம் போய்ச் சேர்ந்தது, பதில் இல்லை. முத்திரை தேவைப்படாத வேலை மட்டும்: கல்யாண அழைப்பு ஒன்று, கடை விளம்பரம் ஒன்று.

மதியம் மாலதி, கூடவே குணசேகரன். ஆயர் ஈத்தாம் பக்கம் மைக்செட்டை மறுபடி வாடகைக்கு விடப் பார்க்கிறார்கள். பழைய கோயில் வேண்டாம் என்றுவிட்டதாம். காவல் நிலையத்தில் அனுமதி கேட்க ஒரு மலாய்க் கடிதம் வேண்டும்.

வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க தம்பி என்றேன். வந்தார், நின்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நான் உட்காரச் சொல்லும் வரை உட்காரவில்லை. மாலதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தது, இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. தலையசைத்தார். காது கொடுத்த மாதிரி இல்லை. வேறு எதையோ கேட்க வந்தவர் மாதிரி இருந்தார்.

"அக்கா, கோர்ட்ல அந்த வாய்ஸ் போட்டாங்கள்ல."

"ஆமா."

"நெசமாவே நான் நோட்டீஸப் பத்தித்தான் பேசுனனா?"

மாலதி, "என்னங்க இது" என்றாள்.

"இல்ல மாலு, இரு." என்னைப் பார்த்தார். "இருபத்தெட்டு நாளும் உங்க தாள மேசையில வச்சுத்தான் கேட்டாங்கக்கா. மொதல்ல இல்ல இல்லன்னேன். அப்புறம் எனக்கே தெரியல. தாள்ல அச்சடிச்சு சாப்பெல்லாம் இருக்கு. ஒருவேள மனசுல அப்படி நெனச்சுத்தான் சொன்னனோன்னு. இன்னும் அப்பப்ப வருது. நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க. நான் என்ன சொன்னேன்?"

"ஒய்.பி. படத்த ஞாயித்துக்கெழம நோட்டீஸ்ல போடலாம்னு சொன்னீங்க, தம்பி."

"வேற எதுவும் இல்லையே?"

"வேற எதுவும் இல்ல."

கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.